பாடத்துக்கும் ஆய்வேட்டுக்கும் நடுவே

(வணிகப் பொருளாதார உயர்கல்வி பற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1980களில் டேவிட் கோலாண்டர், அர்ஜோ கிளாமர் என்ற இரண்டு பொருளாதார ஆசிரியர்கள் ஒரு வேலை செய்தார்கள். அமெரிக்காவில் முன்வரிசையில் இருக்கும் ஆறு பல்கலைக்கழகங்களுக்கு (சிகாகோ, கொலம்பியா, ஹார்வர்ட், எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்ட், யேல்) ஒரு கேள்வித்தாளை அனுப்பினார்கள். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் படித்துக்கொண்டிருந்த 212 பேர் பதில் எழுதினார்கள். இந்தத் துறையில் முன்னுக்கு வர எது முக்கியம் என்பது அதில் ஒரு கேள்வி. கணக்குப் புதிர்களை விடுவிக்கும் சாமர்த்தியம் மிக முக்கியம் என்றவர்கள் 65 சதவீதம். நாட்டுப் பொருளாதாரத்தைப் பற்றிய ஆழ்ந்த அறிவு மிக முக்கியம் என்றவர்கள் 3 சதவீதம். அது முக்கியமே இல்லை என்று டிக் அடித்தவர்கள் 68 சதவீதம்.

1987இல் இந்த முடிவு அச்சில் வந்தபோது துறையின் பெரியவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்திருக்கும். மாணவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு என்ன கற்றுக்கொடுக்கப்பட்டதோ அதைத்தான் திருப்பிச் சொன்னார்கள். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் ஆன் க்ரூகர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1991இல் வந்த அதன் அறிக்கை, கருவிகளைக் கையாளத் தெரிந்த, ஆனால் அந்தக் கருவிகள் எந்தப் பிரச்சினைக்காக உருவாக்கப்பட்டன என்று தெரியாத ஒரு தலைமுறை வெளியே வருகிறதோ என்று கவலைப்பட்டது. அந்தக் கவலை இன்னும் தீர்ந்தபாடில்லை. பிசினஸ் ஸ்கூலோடு ஒட்டி நடக்கும் பொருளாதாரப் பட்டங்களில் அது இன்னும் ஒரு படி கூடுதல். அங்கே படிப்பவர் சமன்பாட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும், சரக்குக் கிடங்கு எப்படி நாறும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் படிப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதை வெளியாட்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க முறையில் முதல் ஆண்டு முழுக்க வகுப்புகள்: நுண்ணியல், பேரியல், பொருளாதார அளவையியல். நுண்ணியலுக்கு பெரும்பாலான இடங்களில் மாஸ்-கொலெல், வின்ஸ்டன், கிரீன் மூவரும் 1995இல் எழுதிய தலையணைப் புத்தகம். தூக்கவே தெம்பு வேண்டும். வாரம் தவறாமல் கணக்குத் தொகுப்பு. ஆண்டு முடிவில் தகுதித் தேர்வு. அதில் தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டாம் ஆண்டில் தொழில் அமைப்பு, நிதி, உழைப்புச் சந்தை என்று சிறப்புப் பாடங்கள். அதன் பிறகு வகுப்பு இல்லை, தேர்வு இல்லை. ஒரு மேசை, ஒரு கணினி, மாதத்துக்கு ஒருமுறை கண்ணில் படும் நெறியாளர். இரண்டு ஆண்டுகளாகப் பிறர் கேட்ட கேள்விக்கு விடை எழுதிப் பழகியவரிடம், இனி கேள்வியையும் நீயே கண்டுபிடி என்கிறார்கள். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

வகுப்பறைப் பாடம் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. மைக்கேல் போர்ட்டர் கதை அதற்கு நேர் எதிர்ச் சான்று. ஹார்வர்டில் பிசினஸ் ஸ்கூலும் பொருளாதாரத் துறையும் சேர்ந்து நடத்தும் வணிகப் பொருளாதார முனைவர் பட்டத்தை 1973இல் பெற்றவர் அவர். அதற்கு முன் பிரின்ஸ்டனில் பொறியியல், பிறகு ஹார்வர்டிலேயே எம்.பி.ஏ. முடித்திருந்தார். முனைவர் பட்டத்துக்காகப் பொருளாதாரத் துறையின் படி ஏறியபோது ரிச்சர்ட் கேவ்ஸிடம் தொழில் அமைப்புப் பாடம் கேட்டார். அந்தப் பாடத்தின் நடுநாயகம் நுழைவுத் தடை என்ற கருத்து. பெர்க்லியின் ஜோ பெய்ன் 1956இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருந்தார். புதிய நிறுவனம் ஒரு தொழிலுக்குள் எளிதில் நுழைய முடியாவிட்டால், உள்ளே இருப்பவர்கள் கொழுத்த லாபம் பார்ப்பார்கள், நுகர்வோர் ஏமாறுவார்கள், ஆகவே அரசு கவனிக்க வேண்டும். பாடம் சொன்னது இவ்வளவுதான்.

அதே வகுப்பில் அதே கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த எம்.பி.ஏ. மூளை வேறு மாதிரி கணக்குப் போட்டது. அரசுக்கு இது நோய்க்குறி என்றால், நிறுவனத்துக்கு இதுதானே லாபத்தின் ஊற்று? தடையை எங்கே எழுப்புவது, யார் பலம் நம்மைத் தின்கிறது, எந்த மாற்றுப்பொருள் நம் தலையில் கை வைக்கும் என்று கேட்டால் என்ன? போர்ட்டரின் ஆய்வேடு நுகர்பொருள் தொழில்களில் சில்லறை வியாபாரிகளின் பலத்தைப் பற்றியது. 1977இல் கேவ்ஸும் போர்ட்டரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே தொழிலுக்குள்ளேயே ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குத் தாவவிடாமல் தடுக்கும் சுவர்களைப் பற்றியது அது. 1979இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஒரு தொழிலின் லாபத்தைத் தீர்மானிக்கும் ஐந்து விசைகள் பற்றிய போர்ட்டரின் கட்டுரை, மறு ஆண்டு புத்தகம். இன்று சென்னையில் எந்த எம்.பி.ஏ. மாணவரை எழுப்பிக் கேட்டாலும் தூக்கத்தில் ஒப்பிப்பார். நுகர்வோரைக் காக்கப் பிறந்த கருத்து நிறுவனத்தைக் காக்கப் போனதில் சிலருக்கு நியாயமான வருத்தம் உண்டு. ஆனால் ஒரு துறையின் பாடத்தை இன்னொரு துறையின் கேள்வியோடு வைத்துப் பார்த்ததில் கிடைத்த பலன் அது. பாடத்தைக் கரைத்துக் குடித்திருந்தால்தான் அதைத் தலைகீழாகப் பிடிக்க முடியும்.

எல்லோரும் போர்ட்டர் ஆக முடியாது. சராசரி மாணவருக்கு ஆய்வு செய்யக் கற்றுக்கொடுப்பது எப்படி?

சிகாகோ ஒரு வழி கண்டது. அங்கே ஒர்க்‌ஷாப் என்ற பெயரில் வாராந்திரக் கூட்டம் நடக்கும். மில்டன் ஃப்ரீட்மன் நடத்திய பணம், வங்கித் துறைக் கூட்டத்தில் கட்டுரை முன்கூட்டியே எல்லோர் கைக்கும் போய்விடும். படிக்காமல் வருபவருக்கு அங்கே மரியாதை இல்லை. எழுதியவர் சில நிமிடம் பேசலாம். அதற்குப் பிறகு ஃப்ரீட்மன் முதல் பக்கத்தில் யாருக்காவது சொல்ல இருக்கிறதா என்று தொடங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே போவார். பேராசிரியரின் கட்டுரையும் மாணவரின் அத்தியாயமும் அதே அடி வாங்கும். நம் கருத்தரங்குகளில் பொன்னாடை போர்த்தி, நேரமின்மை காரணமாகக் கேள்விகளைத் தவிர்த்து, தேநீர் இடைவேளைக்குப் போய்விடும் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டால் வயிறெரியும்.

இன்னொரு வழி அதைவிட எளிது, செலவும் குறைவு. பிறர் செய்து முடித்த ஆய்வை மாணவர் தன் கையால் முதலிலிருந்து மறுபடி செய்வது. இசை பயில்பவர் குரு பாடிய சங்கதியைப் பிசகாமல் பாடிக் காட்டிய பிறகே கற்பனாஸ்வரத்தில் இறங்குவது போல. இந்தப் பயிற்சி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் நடந்ததைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

2010இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். இருவரும் சாதாரண ஆட்கள் அல்லர். ரோகாஃப் ஹார்வர்ட் பேராசிரியர், ஐ.எம்.எஃப்பில் தலைமைப் பொருளாதார அறிஞராக இருந்தவர். ஒரு நாட்டின் அரசுக் கடன் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சட்டென்று சரிகிறது என்பது கட்டுரையின் செய்தி. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், 20 முன்னேறிய நாடுகளின் கணக்கில், 90ஐத் தாண்டிய நிலையில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது ஒரு அட்டவணை. நிதி நெருக்கடிக்குப் பிறகு எல்லா அரசுகளும் கடனில் மூழ்கியிருந்த நேரம். அமெரிக்காவில் பால் ரயனின் பட்ஜெட் திட்டமும் ஐரோப்பிய ஆணையத்தின் ஓலி ரேனும் பிரிட்டனின் ஜார்ஜ் ஆஸ்பர்னும் இந்த ஆய்வை மேற்கோள் காட்டினார்கள். செலவை வெட்ட வேண்டும் என்று முன்பே முடிவு செய்தவர்களுக்கு 90 என்ற எண் ஆயத்தமாகக் கிடைத்த ஆதாரம்.

ஆம்ஹர்ஸ்டில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவருக்கு அளவையியல் வகுப்பில் ஒரு அசைன்மென்ட். வெளிவந்த ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு அதன் முடிவைத் திரும்ப வரவழைத்துக் காட்ட வேண்டும். அவர் இந்தக் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். பொதுவில் கிடைத்த தரவுகளை வைத்து எத்தனை முறை போட்டாலும் மைனஸ் 0.1 வரவில்லை. மாணவர் சொன்னதை ஆசிரியர்கள் முதலில் நம்பவில்லை. இவ்வளவு பெரிய ஆட்கள் தப்புப் பண்ணியிருப்பார்களா, பையன்தான் எங்கேயோ கோட்டை விட்டிருப்பான் என்பது இயல்பான எண்ணம். திரும்பப் பார்க்கச் சொன்னார்கள். அவர் திரும்பப் பார்த்தார். வரவில்லை. கடைசியில் கட்டுரை ஆசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார். அவர்களும் தங்கள் எக்செல் கோப்பை அனுப்பிவைத்தார்கள். அனுப்பாமல் தட்டிக்கழித்திருக்கலாம். அனுப்பினார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

கோப்பைத் திறந்து அந்தச் சராசரி இருந்த கட்டத்தைச் சொடுக்கியதும் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. நாடுகள் 30ஆம் வரிசையிலிருந்து 49ஆம் வரிசை வரை இருந்தன. ஃபார்முலா 30 முதல் 44 வரைதான் கூட்டியிருந்தது. கடைசி ஐந்து வரிசைகள் கணக்கிலேயே இல்லை. அகரவரிசையில் முதலில் வரும் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் அந்தக் கோப்பில் கடைசியில் இருந்ததால் அடிபட்டுப்போயின.

செய்தித்தாள்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டன. எக்செல் பிழை என்றால் யாருக்கும் புரியும், சிரிக்கவும் வசதி. ஆனால் அந்தப் பிழையால் மட்டும் எண் அவ்வளவு மாறவில்லை. ஹெர்ண்டன் கண்டுபிடித்ததில் மாணவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது வேறு இடம்.

90 சதவீதத்துக்கு மேல் கடன் இருந்த நாடுகள் என்று அந்தச் சராசரியில் கடைசியாக எஞ்சியவை ஏழு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சராசரி எடுத்து, அந்த ஏழு எண்களையும் சம எடையோடு கூட்டி ஏழால் வகுத்திருந்தார்கள். பிரிட்டன் 19 ஆண்டுகள் அந்த நிலையில் இருந்தது. அதன் சராசரி வளர்ச்சி 2.4 சதவீதம். நியூசிலாந்துக்குக் கணக்கில் வந்தது 1951 என்ற ஒரே ஓர் ஆண்டு. அந்த ஆண்டு வளர்ச்சி மைனஸ் 7.6. பிரிட்டனின் 19 ஆண்டுகளுக்கும் ஏழில் ஒரு பங்கு, நியூசிலாந்தின் ஒற்றை ஆண்டுக்கும் ஏழில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு, நியூசிலாந்தின் 1946 முதல் 1949 வரையான நான்கு ஆண்டுகளும் 90க்கு மேல்தான், அவை சேர்க்கப்படவில்லை. சேர்த்துப் பார்த்தால் ஐந்து ஆண்டுச் சராசரி கிட்டத்தட்ட 2.6. மைனஸ் ஏழரை எங்கே, பிளஸ் இரண்டரை எங்கே. எல்லாவற்றையும் சரிசெய்து, ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப எடை கொடுத்தபோது 90க்கு மேலான சராசரி வளர்ச்சி 2.2 சதவீதம் வந்தது. கடன் குறைவான நாடுகளைவிடக் குறைவுதான். ஆனால் 90இல் மலைச்சரிவு எதுவும் தெரியவில்லை.

2013 ஏப்ரல் 15 அன்று ஹெர்ண்டன், அவருடைய ஆசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் மூவர் பெயரிலும் ஆய்வறிக்கை வெளியானது. சில நாட்களில் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் ஃபார்முலா பிழையை ஒப்புக்கொண்டார்கள். எடை கொடுத்த முறை தெரிந்தே செய்த தேர்வு என்றார்கள். விடுபட்ட ஆண்டுகளின் தரவு அப்போது தங்களிடம் தயாராக இல்லை என்றார்கள். மற்ற ஆய்வுகளிலும் கடனும் மந்த வளர்ச்சியும் சேர்ந்தே காணப்படுகின்றன என்று வாதாடினார்கள். அந்த வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. நாட்டுக்கு நாடு சம எடையா, ஆண்டுக்கு ஆண்டு சம எடையா என்பதற்குப் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை கிடையாது. 19 ஆண்டுகள் தொடர்ந்து ஒரு நாட்டில் நடந்ததை 19 தனித்தனி நிகழ்வுகளாக எண்ணுவதும் தப்புத்தான். சராசரி என்ற பள்ளிக்கூடக் கணக்குக்குள் இவ்வளவு பெரிய தீர்மானம் ஒளிந்திருக்கிறது என்பதை எந்த விரிவுரையும் அந்த மாணவருக்கு இவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்காது.

இந்தத் துறை தன்னைத் திருத்திக்கொள்ளவும் முயன்றிருக்கிறது. அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழுக்கு பென் பெர்னான்கே ஆசிரியராக இருந்தபோதே, 2004இல், கட்டுரையோடு தரவையும் கணினி நிரலையும் ஒப்படைக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் ரைன்ஹார்ட்-ரோகாஃப் கட்டுரை வந்தது அந்த விதி கட்டுப்படுத்தாத, அதே இதழின் மாநாட்டுச் சிறப்பிதழில். பிற்பாடு அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் தரவுக்கென்றே ஒரு ஆசிரியரை நியமித்தது. இப்போது கட்டுரை அச்சேறுவதற்கு முன் அவருடைய அலுவலகம் நிரலை ஓட்டிப் பார்க்கிறது. எண் பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்புகிறது.

கோப்புக்குள் இருக்கும் எண்ணைச் சரிபார்ப்பது ஒரு பாதி. அந்த எண் எந்தத் தரையிலிருந்து எழுந்ததோ அங்கே போய் நிற்பது மறுபாதி. இதற்கு நம் பக்கத்து மாநிலத்தில் நல்ல கதை உண்டு.

நுண்ணியல் வகுப்பில் ஆரம்பத்திலேயே சொல்லித்தருவார்கள்: ஒரே பொருள், ஒரே விலை. பக்கத்து ஊரில் விலை கூடுதலாக இருந்தால் சரக்கு அங்கே ஓடும், விலை சமமாகும். ராபர்ட் ஜென்சன் இதை வடகேரளக் கடற்கரையில் சோதித்துப் பார்த்தார். 1996 முதல் 2001 வரை, காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் 15 கரைச் சந்தைகள், 300 மீன்பிடிப் படகுகள், வாரா வாரம் விவரம். 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மத்தியைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் வேறு கரைகளில் மீன் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினார்கள். செல்போன் கோபுரங்கள் ஒவ்வொரு பகுதியாக வந்த பிறகு கரைக்குக் கரை விலை வித்தியாசம் சுருங்கியது, கொட்டுவது நின்றது, மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குவோர் விலை சுமார் 4 சதவீதம் இறங்கியது. 2007இல் வெளியான இந்தக் கட்டுரை பல பல்கலைக்கழகங்களில் வகுப்பறைப் பாடமாகிவிட்டது.

பிறகு ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரெலும் அதே கடற்கரைகளுக்குப் போய் மீனவர்களோடு பேசினார்கள். 2013இல் அவர்கள் எழுதியதில் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. படகுக்கும் வலைக்கும் கடன் கொடுத்தவர் ஏலம் விடும் தரகர். கடன் இருக்கும்வரை அவர் மூலமாகத்தான் விற்றாக வேண்டும். எந்தக் கரையில் விலை கூடுதல் என்று போனில் தெரிந்தாலும் படகைத் திருப்ப எல்லோராலும் முடிவதில்லை. ஜென்சனின் எண்கள் பொய் என்று இதற்குப் பொருளில்லை. அவருடைய அட்டவணையில் தரகருக்குத் தனிப் பத்தி இல்லை, அவ்வளவுதான். நம் ஊர்க் கடற்கரையில் வளர்ந்த மாணவராக இருந்தால், கேள்வித்தாள் தயாரிக்கும்போதே தரகர் எங்கே என்று கேட்டிருப்பார்.

நிக் புளூமும் கூட்டாளிகளும் மும்பையைச் சுற்றியிருந்த நெசவாலைகளில் செய்த சோதனையும் இந்த வகைதான். 17 நிறுவனங்கள், 28 ஆலைகள். ஒரு பகுதிக்கு ஐந்து மாதம் இலவச மேலாண்மை ஆலோசனை. மற்றவற்றுக்கு ஒரு மாத ஆய்வு மட்டும். பெயர்ச்சீட்டு இல்லாத நூல் மூட்டைகள், தறி எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதாத பதிவேடு என்றுதான் அந்த ஆலைகள் இருந்தன. ஓராண்டுக்குள் ஆலோசனை பெற்ற ஆலைகளின் உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது. பாடத்தின்படி பார்த்தால், நன்றாக நடக்கும் நிறுவனம் வளர்ந்து மோசமானதை விழுங்கியிருக்க வேண்டும். ஏன் நடக்கவில்லை என்று தேடியபோது, ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாகும் என்பதை முக்கியமாகத் தீர்மானித்தது அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பது. வெளியாளை நம்பிச் சாவியைக் கொடுக்க முதலாளிக்கு மனமில்லை. திருப்பூரிலும் கரூரிலும் இது யாருக்கும் அதிசயமாகப் படாது. ஆனால் தெரிந்திருப்பதும் அதை அளந்து காட்டுவதும் வேறு வேறு.

மாணவரைத் தரைக்கு அனுப்பும் வழக்கம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சொந்த வரலாற்றையே மறந்ததாகும். 1915இல் அங்கே இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். வந்த வேகத்தில் அவர் கண்டது, தமிழ் மாணவர்களுக்குப் பாடம் நடத்த இங்கிலாந்தில் எழுதிய புத்தகங்கள்தான் இருந்தன என்பதை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை மாடு, கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்று அவரவர் ஊரையே விசாரித்து எழுதி வந்தார்கள். கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு முதலிய ஊர்களைப் பற்றிய அந்த எழுத்துகள் 1918இல் புத்தகமாயின.

அதன் பெருமை புத்தகத்தோடு முடியவில்லை. 1930களில் பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆட்களை அனுப்பி, 1940இல் மறு ஆய்வை வெளியிட்டார்கள். தமிழக அரசில் நிதிச் செயலராக இருந்து பிறகு ஆய்வுக்கு வந்த எஸ். குகன், ஜோன் மென்ச்சருடன் சேர்ந்து இருவேல்பட்டுக்குப் போய் 1983இல் எழுதினார். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போனார்கள். விழுப்புரம் மாவட்டத்தின் ஒற்றை ஊரைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கு அருகில் நீளும் பதிவு நம் கையில் இருக்கிறது. பெருநிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்ததையும், வயலை நம்பியிருந்த கூலிக்காரர்கள் ஊருக்கு வெளியே வேலை தேடிக்கொண்டதையும் அதில் படிப்படியாகப் பார்க்கலாம். இத்தனைக்கும் ஆதாரம் விடுமுறை வீட்டுப்பாடம்.

இன்றைய நிலை என்ன? பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் முனைவர் பட்டத்துக்குப் பாடப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 2016 விதிகளில் 8 முதல் 16 கிரெடிட். 2022 விதிகளில் குறைந்தது 12 கிரெடிட், அதற்குள் ஆய்வு நெறிமுறை பற்றிய ஒரு தாள், தேற 55 சதவீதம். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடைமுறையில் பல இடங்களில் 'ரிசர்ச் மெத்தடாலஜி' என்ற தாள் என்ன ஆகிறது என்பது இங்கே இருக்கும் மாணவர்களுக்குத் தெரியும். கருதுகோள் என்றால் என்ன, வரையறு. மாதிரி எடுத்தலின் வகைகள் யாவை, விளக்குக. எண்ணைத் தொடாமலே எழுதித் தேறிவிடலாம். அதன் பிறகு ஒரு கேள்வித்தாளை ஐந்து புள்ளி அளவில் தயாரித்து, தெரிந்த கல்லூரிகளில் விநியோகித்து, புள்ளியியல் வேலையை வெளியே ஒருவரிடம் காசு கொடுத்து முடித்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பிறர் கணக்கை ஒருமுறையாவது தானே போட்டுப் பார்க்க அவர்களை யாரும் உட்கார வைக்கவில்லை.

உட்கார வைக்கப் பணம் ஒரு தடையே இல்லை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, தொழிலாளர் கணக்கெடுப்பு ஆகியவற்றின் குடும்ப வாரியான மூலத் தரவை மத்திய புள்ளியியல் அமைச்சகம் இலவசமாகவே கொடுக்கிறது. பெயரைப் பதிவு செய்தால் போதும். ஆர், பைத்தான் மென்பொருள்களுக்கும் காசு கிடையாது. கோப்பைத் திறந்தால் இடைவெளியே இல்லாத எண்களின் நீண்ட சரம் வரும். எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை மாநிலம், எது வயது, எது தொழில் என்பதை உடன் வரும் குறிப்பேட்டைப் பார்த்து வெட்டி எடுக்க வேண்டும். மாநில இடத்தில் 33 இருந்தால் தமிழ்நாடு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெருக்கி உண்டு. அந்த ஒரு குடும்பம் நாட்டில் எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்பதைச் சொல்லும் எண். அதை மறந்தால் கிடைப்பது கணக்கெடுப்பில் சிக்கியவர்களின் சராசரி, மக்களின் சராசரி அல்ல. பெருக்கியை நூறால் வகுப்பதா, இருநூறால் வகுப்பதா என்பது கணக்கெடுப்பின் இரண்டு துணை மாதிரிகளிலும் தகவல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. புதிதாக வருபவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் இது.

அசைன்மென்ட் இப்படி இருக்கலாம்: அரசு ஏற்கெனவே வெளியிட்ட அறிக்கையிலிருந்து ஓர் அட்டவணை. தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் வேலையில் இருக்கும் பெண்களின் விகிதம் என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையில் அச்சாகியிருக்கும் எண், மூலத் தரவிலிருந்து, தசமப் புள்ளி உட்பட வர வேண்டும். முதல் வாரம் வராது. பெருக்கி சரியாகிவிட்டது, வயது வரம்பும் சரி, அப்படியும் எண் குறைவாகவே நிற்கும். பிறகுதான் தெரியும், அறிக்கை முதன்மை வேலையோடு துணை வேலையையும் சேர்த்து எண்ணியிருக்கிறது என்று. ஆண்டின் பெரும்பகுதி வீட்டு வேலையில் இருந்துகொண்டு, அறுவடைக் காலத்தில் 30 நாளுக்குக் குறையாமல் வயலில் இறங்கிய பெண், முதல் கணக்கில் வேலையில் இருப்பவராக எண்ணப்படாதவர், இரண்டாம் கணக்கில் தொழிலாளி. நிரலில் ஒரு வரியை மாற்றியதும் எண் பொருந்தும். அந்த வரியை எதற்காக மாற்றினார் என்று மாணவர் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். மதிப்பெண் அந்த இரண்டு பக்கத்துக்கு.